பூட்டி வைத்த படம்

மதியச் சாப்பாடு முடிந்து அலுவலகமே கண் சொருகிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பியிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. குடும்பக் குழுவில் போட்டிருந்தான். ஒரு வகுப்பறைச் சுவருக்கு முன்னால், தலையைப் படிய வாரி, மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். கீழே ஒரு வரி: "அக்கா, யாரோட படம் எங்க கிளாஸ் சுவத்துல தொங்குதுன்னு பாரு!"

பார்த்தாள். அவள் படம்தான். திறந்து கிடக்கும் ஒரு மின்பெட்டி, அதிலிருந்து வெளியே நீளும் வயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி, அதன் நுனியில் பெயர். அவள் எழுதிய வயரிங் பாடத்தின் முதல் பக்கம்.

பல வருடம் தொழிற்பயிற்சிக் கூடத்தில் வயரிங் கற்றுக்கொடுத்தவள். இப்போது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று பாடங்களைத் தயாரித்து இணையத்தில் போடும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பால்கனி, எப்போதும் சூடாகிக்கொண்டிருக்கும் ஒரு பிரிண்டர். அங்கே எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். சம்பளக் கவரில்கூட டீச்சர் என்றுதான் எழுதியிருக்கும்.

பெருமை தாங்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனாள். அங்கே ஓவியர் உட்கார்ந்திருந்தார். அவளுடைய பாடங்களுக்கெல்லாம் படம் போடுகிறவர்.

"பாருங்க, நாம போட்டது எங்க போய் நிக்குதுன்னு."

ஓவியர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "உங்க தம்பி மூஞ்சிய விட என் கோடு நேரா இருக்கு டீச்சர்."

சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் படத்தை விரித்தாள். அப்போதுதான் புகைப்படத்தின் ஓரம் கண்ணில் பட்டது. தம்பியின் முழங்கைக்குப் பக்கத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு பழைய மின்பெட்டி. பழகுவதற்காக மேசைமேல் வைத்திருந்தார்கள் போல. அதிலிருந்து வயர்கள் எட்டிப்பார்த்தன. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு.

பகீரென்றது.

புதிய கட்டடங்களில் நீல வயர் நியூட்ரல். கரண்ட் திரும்பிப் போகிற வழி, பொதுவாக அடிக்காது. அவள் படத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பழைய கட்டடங்களில், பெரிய இயந்திரங்களுக்காக மூன்று லைன் இழுத்த இடங்களில், சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றிலுமே கரண்ட் ஓடும். கறுப்புதான் அங்கே நியூட்ரல். ஒரே நீலம்தான், இங்கே ஒரு அர்த்தம், அங்கே ஆளைத் தூக்கி அடிக்கிற அர்த்தம். 'நிறத்தை நம்பாதே, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடாதே' என்று பாடத்தில் அவள் எழுதத்தான் செய்திருந்தாள். அது உள்ளே, மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சுவரில் தொங்கியதோ முதல் பக்கம் மட்டும்.

தம்பிக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. உடனே தம்பி மனைவிக்குப் போட்டாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், இரண்டாவது தடவைதான் எடுத்தாள்.

"அவன் எங்கம்மா?"

"கிளாஸுக்குப் போயிருக்காரு அண்ணி. இன்னைக்கு நிஜக் கட்டடத்துல வேலைன்னு காலையில இருந்து ஒரே துள்ளல். போனையெல்லாம் வாங்கி வச்சிடுவாங்களாம்."

"எந்தக் கட்டடம்?"

"கடைவீதிக்குப் பின்னாடி ஒரு பழைய அச்சகமாம். மூடிக் கிடந்ததாம், இப்ப புதுசா வயர் இழுக்கப் போறாங்களாம். கீழ சலவைக் கடை இருக்குன்னாரு. ஏன் அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

போனை வைத்தாள். பழைய அச்சகம். பெரிய இயந்திரங்கள் ஓடிய இடம். மூன்று லைன் இல்லாமல் இருக்காது. தம்பி படித்தது அவள் படத்தைப் பார்த்து. 'எங்க அக்கா போட்ட படம்' என்று வேறு வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருப்பான். அவன் சுபாவம் அப்படி.

தம்பி படிக்கும் பயிற்சிக் கூடத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் அறையைவிட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் தானாகவே தணிந்தது.

"டீச்சர், பதட்டத்துல யாருக்கும் எதையும் எழுதி அனுப்பிடாதீங்க. அந்தப் படத்துல நம்ம பேரு இருக்கு."

அதுவரை தம்பியை நினைத்து மட்டும்தான் பயந்துகொண்டிருந்தாள். இதைக் கேட்டதும்தான் மற்றவர்கள் நினைவு வந்தது. அந்தப் படம் எத்தனை சுவரில் தொங்குகிறதோ.

ஓவியர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். "கிளம்புங்க. இங்க நின்னு பேசுனா ஒண்ணும் ஆகாது."

ஊரைத் தாண்டி வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடியே அவள் ஒரு கையால் போனை அழுத்திக்கொண்டிருந்தாள். அதே இனிமையான குரல். அந்தக் குரலின் சொந்தக்காரி எதிரில் இருந்தால் அறைந்திருப்பாள்.

ஓவியரின் முதுகைப் பார்க்கப் பார்க்கத்தான் அந்த நினைப்பு வந்தது. இந்தப் படத்தை முடித்த அன்று அவர் ஒன்று சொன்னார். "படத்த ஒரு அடுக்கு, பேரு எழுதுறத ஒரு அடுக்கு, நிறத்த ஒரு அடுக்குன்னு தனித்தனியா வச்சுக் குடுத்துடலாம் டீச்சர். எடுக்குறவங்க அவங்க ஊருக்குத் தகுந்த மாதிரி மாத்திக்குவாங்க." அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "எவனாவது நிறத்த மாத்தி வச்சு, அதப் பாத்து யாராவது செத்தா? கீழ என் பேருல்ல இருக்கும்? யாரும் கை வைக்க முடியாதபடி ஒட்டிக் குடுங்க." அவர் தோளைக் குலுக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே படமாக இறுக்கிக் கொடுத்தார். எழுத்தும் நிறமும் கோடும் கல்லில் வெட்டினது போல ஒட்டிக்கொண்டன. திறந்த பாடம் என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே பூட்டுதான்.

காற்றை மீறிக் கத்தினாள். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கல."

"ஹெல்மெட் போட்டா எனக்கு ஒண்ணும் கேக்கமாட்டேங்குது டீச்சர்" என்று அவரும் கத்தினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக, எதற்கு அவசரம் என்பது போலப் போய்க்கொண்டே இருந்தது. அவள் வண்டியிலிருந்து இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி சின்ன வயதில் கரண்ட் போனால் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டான். வேலை போய் வீட்டில் சும்மா இருந்தவனை, "வயரிங் கத்துக்கோடா, சோத்துக்குக் கவலையில்ல" என்று இந்த வகுப்பில் தள்ளிவிட்டதே அவள்தான். அவனுக்கு ஒன்று என்றால் அவன் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது? அந்த யோசனையை அதற்கு மேல் போகவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கேட் திறந்தது.

தம்பி ஊரின் கடைவீதிக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. முதலில் என்னவென்று பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. சத்தமில்லை. எந்தக் கடையிலும் விசிறி ஓடவில்லை, விளக்கு எரியவில்லை. முடிதிருத்தும் கடைக்காரர் வாசலில் நின்றார், பக்கத்தில் பாதி முகம் சோப்பு நுரையோடு ஒரு ஆள்.

"கரண்ட் எப்பப் போச்சு?" என்று ஓவியர் கேட்டார்.

"இப்பத்தான் சார். டப்புன்னு ஒரு சத்தம். கம்பத்துல நெருப்பு பறந்துச்சு."

ஓவியர் வண்டியைச் சந்துப் பக்கம் திருப்பினார். வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டாள். சந்துக்குள் சலவைக் கடை. வாசலில் கூட்டம். கடைக்கார அம்மாள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தாள், கீழே வைக்கவேண்டும் என்பதே மறந்துபோனவள் போல.

"மேல யாரோ விழுந்துட்டாங்களாம்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியலையேம்மா. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு."

மாடிப்படி இருட்டாக இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு ஏறினாள். பாதியில், சுவரில் எதையாவது தொட்டுவிடப் போகிறோமே என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மின்சாரத்தோடு இத்தனை வருடம் புழங்கியவளுக்கு வெறும் சுவரைத் தொடப் பயம். ரப்பர் கருகின வாடை மேலே ஏற ஏற அதிகமானது.

பெரிய கூடம். ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்தில், வட்டமாக நிற்கிற ஆட்களின் முதுகுகள் தெரிந்தன. அவர்கள் கால்களுக்கு நடுவே தரையில் கிடந்த இரண்டு பாதங்கள். செருப்பைத்தான் முதலில் பார்த்தாள். பச்சை வார் வைத்த செருப்பு. பெண்கள் போடுவது.

தம்பி இல்லை.

உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அடுத்த மூச்சு விடுவதற்குள், அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அங்கே கிடந்தவளும் யாருக்கோ தங்கையோ அக்காவோ.

முதுகுகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தரையில் கிடந்த பெண்ணின் மார்பில் இரண்டு கையையும் வைத்து வகுப்பின் பயிற்சியாளர் அழுத்திக்கொண்டிருந்தார். அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. தலைமாட்டில் மண்டியிட்டு அவள் தலையைப் பிடித்திருந்தான் தம்பி. அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பக்கத்தில் கால் உடைந்த ஒரு மர ஸ்டூல்.

"அக்கா" என்றான்.

பயிற்சியாளர் தளர்ந்தபோது டீச்சர் குனிந்து அவர் இடத்தை எடுத்துக்கொண்டாள். அழுத்தினாள். இந்தப் பெண்ணுக்கு மூச்சு வரவேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் அவளுக்கு இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று அந்த உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு இருமல். பிறகு கரகரவென்று, அழுகிற மாதிரி ஒரு மூச்சு. சுற்றி நின்றவர்களில் யாரோ சத்தமாக அழ ஆரம்பித்தார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. தம்பி அதில் உட்கார மறுத்து, தரையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டான். நடந்ததை அவன்தான் சொன்னான்.

விழுந்தவளை வகுப்பில் எல்லாரும் நெட்டையக்கா என்பார்கள். ஆறடிக்குப் பக்கம் இருப்பாள். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவன் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான், அதனால் சொந்தமாக ஒரு தொழில் கையில் இருக்கட்டும் என்று சேர்ந்தவள். உயரத்தில் இருந்த பெட்டியைத் திறக்க ஏணி தேடிக்கொண்டிருந்தார்கள். "ஏணி எதுக்கு, நான் இருக்கும்போது?" என்று அவளே எட்டித் திறந்திருக்கிறாள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்த சலவைக் கடைக்கு அந்தப் பெட்டி வழியாகத் தனியாக ஒரு லைன் போனது யாருக்கும் தெரியாது.

"ரெட்டு, மஞ்ச ரெண்டையும் தொடல அக்கா. நீலந்தானேன்னு பிடிச்சாங்க. பிடிச்ச கை விடல. எனக்கு ஒண்ணும் ஓடல, ஸ்டூல தூக்கி அவங்க முழங்கையில அடிச்சேன். வயர் போய்ப் பெட்டியில மோதிச்சு. அப்பதான் டப்புன்னு..." நிறுத்தினான். "பொம்பளைய ஸ்டூலால அடிச்சிருக்கேன் அக்கா."

"அடிக்கலைன்னா செத்திருப்பாடா."

"உன் படந்தான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். தப்பே இருக்காதுன்னு சொன்னேன்."

அவள் அவன் தலையில் கை வைத்தாள்.

பயிற்சியாளர் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். யார் இவள் என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தாள். வந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"மெயினைத் தவிர வேற லைன் இருக்கான்னு நான் பாத்திருக்கணும். அது என் தப்பு. அதுல யாரையும் இழுக்கல" என்றார் அவர். "ஆனா ஒண்ணு சொல்றேன். இங்க நிறம் வேறன்னு எனக்குத் தெரியும். பாடத்துல எழுத்தா இருந்ததையெல்லாம் மாத்திட்டேன். படத்த மட்டும் மாத்த முடியல. எழுத்து படத்தோட ஒட்டிக்கிட்டு வருது. கடைசியில பேப்பர வெட்டி, அதுல சரியான நிறத்த எழுதி, மேல ஒட்டி வச்சேன். சுவத்துல ஈரம். விழுந்துடும், மறுபடி ஒட்டுவேன். போன வாரம் விழுந்தது எங்க போச்சுன்னே தெரியல. சரி, எல்லார்கிட்டயும் வாயால சொல்லியிருக்கோமேன்னு விட்டுட்டேன்."

"எங்களுக்கு எழுதியிருக்கலாமே."

"யாருக்கு எழுதுறது? உங்க பேரு இருந்துச்சு. எங்க கூப்பிடணும்னு இல்ல. நீங்க இவன் அக்கான்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

சாயங்காலம் நெட்டையக்காவைப் பார்க்க விட்டார்கள். வலது கை முழுக்கக் கட்டு. உதடு வெடித்திருந்தது. அவள் உயரத்துக்குக் கட்டில் போதாமல் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாமா வேண்டாமா என்று கதவுக்குப் பக்கத்திலேயே தயங்கினாள். ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. தம்பியே சொல்லிவிட்டான்.

நெட்டையக்கா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. குழப்பம்தான்.

"நான் நல்லாத்தானே படிச்சேன்? படத்த மனசுல வச்சிருந்தேனே. நீலம்னா நியூட்ரல்னுதானே போட்டிருந்துச்சு?"

"ஆமாம்மா. அப்படித்தான் போட்டிருந்துச்சு."

"அப்ப நான் தப்பாப் படிக்கல."

"நீ தப்பாப் படிக்கல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே வந்த டீச்சர் கழிவறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டார். அவரும் தூங்கியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர்.

"வயரிங் பாடம் மொத்தத்தையும் இன்னைக்கே எடுத்துடலாம். இருந்தாத்தானே பிரச்சனை?"

"இங்க இருந்து எடுத்தா சுவத்துல இருக்குறது போயிடுமா சார்?" என்றாள் டீச்சர். "அது எங்கெங்க போச்சுன்னே நமக்குத் தெரியாது. எடுத்துட்டா, சரியானது எங்க இருக்குன்னு தேடி வர்றவங்களுக்கும் ஒண்ணும் இருக்காது."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"பூட்டத் திறக்கணும். எல்லாத்தையும் தனித்தனியாப் பிரிச்சுக் குடுக்கணும்."

"யார் வேணா என்ன வேணா மாத்திடுவாங்களே! நீங்கதானே அன்னைக்கு வேண்டாம்னீங்க?"

"பூட்டி வச்சும்தானே சார் ஒருத்தி விழுந்தா?" அவள் குரல் உடைந்தது. "தெரிஞ்ச மனுஷன் ஒருத்தர் அங்க இருந்தாரு. தப்புன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. திருத்தத்தான் வழியில்ல. பேப்பர வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்திருக்காரு."

ஓவியர் எழுந்து போய்க் கணினியைப் போட்டார்.

அந்தப் படத்தை அவர்கள் முதலிலிருந்து செய்தார்கள். புதிய படத்தில் வயர்களுக்கு நிறமே இல்லை. எல்லாம் சாம்பல். அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் பெட்டியைத் திறந்து, சோதித்துப் பார்த்து, தாங்களே நிறம் போட்டுக்கொள்ளவேண்டும். சாதாரணக் கணினியில், இருக்கிற மென்பொருளிலேயே எழுத்தையும் நிறத்தையும் மாற்ற முடிகிறதா என்று தம்பி ஊருக்குப் போய்ச் சலவைக் கடை அம்மாளையே உட்காரவைத்துப் பார்த்தார்கள். "எங்க அமுக்கணும்னு இதுல போடலையே" என்று அவள் சலித்துக்கொண்ட இடத்திலெல்லாம் ஓவியர் திருத்தினார். மூன்றாம் பக்கத்தில் கிடந்த எச்சரிக்கை படத்துக்குள்ளேயே முதல் வரியாக ஏறியது. மாற்றியவர் யார், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று எழுதக் கீழே ஓர் இடம். தலைப்புக்குமேல், தடித்த எழுத்தில், டீச்சர் ஒரு வாக்கியம் போடச் சொன்னாள்: 'இந்தப் படத்தை மாற்றாமல் பயன்படுத்தாதீர்கள்.'

அதை எழுதச் சொல்லும்போது ஓவியர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே போட்டார்.

பழைய படத்தை எடுத்தவர்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினாள், கூப்பிட்டாள். சிலர் திட்டினார்கள். சிலர், தாங்கள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகவும் அவர்கள் எங்கே என்று தெரியாது என்றும் சொன்னார்கள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். வீட்டில் விளக்கைப் போடும்போதுகூட ஒரு கணம் விரல் தயங்கியது.

நெட்டையக்காவின் கை ஆறியது. இரண்டு விரல்களில் உணர்ச்சி வரவில்லை, வராது என்றே மருத்துவர் சொல்லிவிட்டார். லாரியிலிருந்து இறங்கி வந்த கணவன், வகுப்பு வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவள் கேட்கவில்லை. திரும்பி வந்த அன்று, அந்த ஊருக்கான படத்துக்கு நிறம் போடும் வேலையைப் பயிற்சியாளர் அவளிடம் கொடுத்தார். அவள் இடது கையில் மவுஸைப் பிடித்து, நீல வயரில் 'கரண்ட் உண்டு' என்று எழுதினாள் என்று தம்பி சொன்னான். எழுதிவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தாளாம். பிறகு உள்ளே வந்து அடுத்த வயரை எழுதினாளாம்.

கொஞ்ச நாளில் வேறு இடங்களிலிருந்தும் மாற்றிய படங்கள் வர ஆரம்பித்தன. ஒன்று மட்டும் டீச்சரைக் கலங்கடித்தது. அதன் எழுத்து எந்த மொழி என்றே தெரியவில்லை. வளைவும் கொக்கியுமாக ஒரு எழுத்தும் படிக்க வரவில்லை. நிறங்களும் அவள் எங்கும் பார்த்திராதவை. கறுப்பில் ஒரு வயர், வெள்ளையில் ஒரு வயர். மேலே அவள் பெயர், கீழே வேறு யாருடைய பெயரோ.

ஓவியரைக் கூப்பிட்டாள். "இதுல என்ன எழுதியிருக்காங்கன்னே தெரியலையே. தொடு, தொடாதேன்னு மாத்தி எழுதியிருந்தா?"

ஓவியர் எட்டிப்பார்த்தார். "எடுத்துடச் சொல்லி எழுதலாமா?"

அப்படிச் சொல்லிவிட்டால் இன்றைக்கு ராத்திரி தூங்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. படத்தின் அடியில் ஒரு போன் எண் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீடியோ அழைப்பைப் போட்டாள்.

எடுத்தவர் ஒரு பெரியவர். பின்னால் ஏதோ பட்டறை. அவர் பேசியது இவளுக்குப் புரியவில்லை, இவள் பேசியது அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அசடு வழிந்தார்கள். டீச்சர் அவருடைய படத்தை அச்சிட்டுக் கேமரா முன்னால் பிடித்து, கறுப்பு வயரை விரலால் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய் ஒரு பெட்டியைத் திறந்தார். போனை எதன்மேலோ சாய்த்து வைத்தார். டெஸ்டரை எடுத்தார்.

கறுப்பில் வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

வெள்ளையில் வைத்தார். எரியவில்லை.

படத்திலும் கரண்ட் வரும் வயருக்கு அவர் கறுப்பும், நியூட்ரலுக்கு வெள்ளையும்தான் போட்டிருந்தார். அவர் திரும்பி, கேமராவைப் பார்த்து, அடுத்து எது என்பது போல மோவாயை உயர்த்தினார். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, படத்தில் அடுத்த வயர்மேல் விரலை வைத்தாள்.